கையில் 16, டீலரிடம் ராஜா: இன்னொரு சீட்டு வாங்கலாமா?

மார்த்தாண்டத்தான்:
பயணக் கப்பலின் சமையலறையில் பணிபுரியும் அத்தான் விடுமுறைக்கு வந்திருப்பதால், மழை விடாத இந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இருபத்தெட்டு ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே கட்டுச் சீட்டில் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரை, அதாவது சீட்டுப் போடுபவரை, முந்தும் ஆட்டம்) ஆடுகிறோம். பந்தயம் வறுத்த கொல்லாங்கொட்டைதான். நேற்று என்னிடம் 9-உம் 7-உம் இருந்தன; டீலரான அத்தான் 10 மதிப்புள்ள ராஜாவைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்று வாங்கினேன், இஸ்பேட் 8 வந்து 24 ஆகிவிட்டது. அவரது மூடிய சீட்டோ வெறும் 5. நான் நின்றிருந்தால் அதே 8 அவருக்குப் போய் அவர் 23-இல் தோற்றிருப்பார். நான் செய்தது தவறா?

குளச்சல் கணக்கன்:
தவறில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாத 49 சீட்டுகளில் 29 உங்களை 21-க்கு மேல் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நின்றாலும், டீலரிடம் பிளாக்ஜாக் (முதல் இரு சீட்டிலேயே 21) இல்லை என்று தெரிந்த பிறகுகூட, அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 23 சதவீதம் மட்டுமே. 17 வரும்வரை அவர் வாங்கியே ஆக வேண்டும் என்பதால், மற்ற நேரமெல்லாம் 17-க்கும் 21-க்கும் இடையில் நின்று உங்கள் 16-ஐ வென்றுவிடுவார். பல கட்டுகளைக் கலந்து ஆடும் சூதாட்ட விடுதிகளில் எந்த வழியில் போனாலும் 100 கொட்டைக்குச் சராசரியாக 54 போய்விடும். வாங்கினால் இழப்பு மயிரிழை குறையும், அவ்வளவுதான். பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் ‘சரண்டர்’ உங்கள் வீட்டு விதியில் உண்டென்றால் 50-உடன் தப்பலாம். அந்த 8 யாருக்குப் போயிருக்கும் என்ற ஆராய்ச்சி, கட்டைத் திருப்பிப் பார்த்த பிறகு வரும் ஞானம்.

தக்கலை வாசகர்:
ஒரு சிறு திருத்தம். 10, 4, 2 என மூன்று சீட்டுகளால் ஆன 16 என்றால் நிற்பதே நல்லது. உங்களுக்கு உதவக்கூடிய சிறு சீட்டுகள் ஏற்கெனவே வெளியேறிவிட்டன. இரண்டு 8 வந்தால், எதிரில் ராஜாவே இருந்தாலும் இரண்டு தனிக் கைகளாகப் பிரித்து ஆட வேண்டும். உண்மையில் நான் அதிகம் காணும் பிழை 12-இல் நிகழ்வது. டீலர் 4, 5, 6 காட்டும்போது 12-இல் நிற்க வேண்டும், ஏனெனில் 6 காட்டுபவர் ஏறத்தாழ 42 சதவீதம் தாண்டிவிடுகிறார். 2 அல்லது 3 காட்டினால் வாங்க வேண்டும். அமெரிக்க இராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள் மேசைக் கணிப்பான்களைத் தட்டித் தட்டி இத்தகைய முடிவுகளைக் கணக்கிட்டு 1956-இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

மார்த்தாண்டத்தான்:
மிக்க நன்றி. இன்னொன்று: என் கையில் ராணியும் 10-உம், அத்தானிடம் ஏஸ். “20 நல்ல கை, இன்சூரன்ஸ் போட்டுக் காப்பாற்றிக்கொள்” என்கிறார்.

குளச்சல் கணக்கன்:
போடாதீர்கள். இன்சூரன்ஸ் என்பது டீலரிடம் பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாக வைக்கும் பந்தயம். மூடிய சீட்டு 10 மதிப்புடையதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். ஆகவே மூன்றில் ஒரு முறையாவது அது வந்தால்தான் கட்டுப்படியாகும். மீதமுள்ள 49-இல் அத்தகைய சீட்டுகள் 14 மட்டுமே, இரண்டு உங்கள் கையிலேயே இருப்பதால். மேலும், இந்த யோசனையைச் சொல்பவர்தான் உங்களுக்கு டீலர் என்பதையும் கவனியுங்கள்.