ஜெர்மனியின் கடன் வரம்புத் திருத்தம்: பசுமைக் கட்சி பெற்றது என்ன, கொடுத்தது என்ன?

கேள்வி: ஆற்றுமணல்

ஜெர்மனியின் அரசமைப்பில் 2009-இல் சேர்க்கப்பட்ட கடன் வரம்பு விதி, ஒன்றிய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (பொருளாதார ஏற்ற இறக்கங்களின் தாக்கத்தை நீக்கிப் பார்த்த பற்றாக்குறை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கொரோனா நெருக்கடிக்கென அனுமதி பெற்றுச் செலவாகாமல் நின்ற 6,000 கோடி யூரோ கடன் உரிமையை அப்போதைய பிரதமர் ஒலாஃப் ஷோல்ஸ் தலைமையில் பசுமைக் கட்சியும் இருந்த கூட்டணி காலநிலை நிதியத்துக்கு மாற்றியது. 2023 நவம்பர் 15 அன்று அரசமைப்பு நீதிமன்றம் இந்த விதியைக் காட்டி அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கியது.

படைச் செலவு என்று வந்தபோது இதே விதி எவ்வளவு எளிதாக வளைந்தது என்பதைப் பாருங்கள். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில மாதங்களில், 2022-இலேயே, அரசமைப்பைத் திருத்தி இராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒதுக்கினார்கள். 2025 மார்ச்சில் அதையும் தாண்டிச் சென்றார்கள். தேர்தல் முடிந்துவிட்டது, புதிய நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்று தெரிந்தது, எனவே பழைய நாடாளுமன்றத்தையே மார்ச் 18 அன்று கூட்டி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவு முழுவதற்கும் கடன் வரம்பிலிருந்து விலக்களித்தார்கள். அதற்கு உச்சவரம்பே கிடையாது. கூடவே, 12 ஆண்டுகளில் செலவிட 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதி உருவாக்கப்பட்டது. அதில் 10,000 கோடி காலநிலை நிதியத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே பசுமைக் கட்சி தன் வாக்குகளுக்குக் கேட்டுப் பெற்ற விலை. இடதுசாரிக் கட்சி எதிர்த்து வாக்களித்தது.

காலநிலை, அமைதி, சமத்துவம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பேசுவதுதான் முற்போக்கு அரசியல் என்று நம்புகிறவர்கள் இந்த வாக்கெடுப்பை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? பசுமைக் கட்சி பேரத்தில் வென்ற சில்லறையை வெற்றி என்று சொல்லிக்கொள்கிறதா, அல்லது கிடைத்தவரை மிச்சப்படுத்தியதா?

பதில்: வடமூலை

தோழரின் கோபம் புரிகிறது. ஆனால் பசுமைக் கட்சி மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தேர்தலில் வென்ற பழமைவாதக் கட்சியின் தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ் முதலில் கொண்டுவந்த வரைவில் காலநிலைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின் 10,000 கோடியும் வந்தது, 2045-க்குள் காலநிலை நடுநிலை என்ற சொற்றொடரும் அரசமைப்பின் வாசகத்துக்குள் வந்தது, நிதியிலிருந்து செய்யப்படும் முதலீடுகள் ‘கூடுதலானவையாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. சாதாரண வரவு செலவுத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்த ரயில் பாதைச் செலவை இந்த நிதியின் கணக்குக்குத் தள்ளிவிட்டு, அங்கே மிச்சமாகும் பணத்தில் வரிச்சலுகை கொடுக்கும் தந்திரத்தைத் தடுப்பதே அந்த நிபந்தனையின் நோக்கம். முழுமையாகத் தடுக்குமா என்றால், ஒன்றிய வரவு செலவில் முதலீட்டின் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே போதும் என்று வைத்திருப்பதால், ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.

எதிர்த்து வாக்களித்த இடதுசாரிக் கட்சியின் நிலைப்பாடும் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. அது அப்போது ஆட்சியில் பங்குபெற்ற பிரேமன், மெக்லென்பர்க்-மேற்குப் பொமரேனியா ஆகிய இரு மாநில அரசுகளும் மாநிலங்கள் அவையில் அதே திருத்தத்துக்கு ஆதரவளித்தன. மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்ட 10,000 கோடியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க அவற்றுக்கு மனம் வரவில்லை. பள்ளிக் கட்டடமும் பாலமும் சரிசெய்ய வேண்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பதில்: பனிப்புலம்

நான் பல ஆண்டுகளாக யேர்மனியில் வாடகை வீட்டில் வசிப்பவன். இங்கே இந்த விவாதத்தைக் கட்சிகள் எண்ணும் கோடிகளை வைத்து நடத்துவதை விட, ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் அனுப்பும் வெப்பமூட்டற் செலவுக் கணக்கை வைத்து நடத்தினால் உண்மை இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்குத் தாளில் இப்போது கரியமிலவாயு விலை தனிப் பதிவாக வருகிறது. 2021-இல் தொன்னுக்கு 25 யூரோவாகத் தொடங்கிய அது 2025-இல் 55 யூரோ ஆகிவிட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோவாட் மணி எரிவாயு செலவாகும் வீட்டுக்கு அது ஏறக்குறைய 100 யூரோ, அதன்மேல் விற்பனை வரி. கொதிகலனை மாற்றுவதோ சுவருக்கு வெப்பக்காப்பு இடுவதோ என் கையில் இல்லை, வீட்டுக்காரரின் முடிவு. ஆனால் விலை மட்டும் நீண்ட காலம் முழுவதும் வாடகைக்காரரின் தலையில் இருந்தது. 2023 முதல் அதைப் பத்துப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மிக மோசமான கட்டடமாக இருந்தால் 95 விழுக்காட்டை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும், நல்ல கட்டடமாக இருந்தால் வாடகைக்காரரே முழுவதையும் கட்ட வேண்டும். இது நியாயமான சட்டம். இப்படி ஒரு சட்டத்தை எழுத முடியும் என்றால், மற்றவற்றை ஏன் எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த விலையால் திரளும் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று மக்களுக்கே திருப்பித் தருவதாக 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அது ஒருபோதும் வரவில்லை. எல்லோருடைய வங்கிக் கணக்கிலக்கமும் அரசிடம் இல்லை என்பது முதலில் சொல்லப்பட்ட காரணம். பிறகு பணமே இல்லை என்றார்கள். பக்கத்து நாடான ஒஸ்திரியா 2022 முதல் மூன்று ஆண்டுகள் அதைக் கொடுத்துக் காட்டியது, பின்னர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது.

போர்க்கால உதவியைப் பாருங்கள். இரசிய எரிவாயு நின்ற குளிர்காலத்துக்கு 200 பில்லியன் (20,000 கோடி) யூரோ வரை கடன் வாங்கி விலையைக் கட்டுப்படுத்தினார்கள். முந்தைய பயன்பாட்டின் 80 விழுக்காடு வரை, கிலோவாட் மணி ஒன்றுக்கு 12 சென்றுக்கு மேற்பட்ட விலையை அரசு ஏற்றுக்கொண்டது. முன்பு எவ்வளவு எரித்தீர்களோ அந்த அளவுக்கு மானியம். நீச்சல் தடாகத்தைச் சூடாக்கிய மாளிகைக்கு, இரண்டு அறை வீட்டில் கம்பளிச் சட்டையோடு இருந்த ஓய்வூதியரை விடப் பல மடங்கு போய்ச் சேர்ந்தது. 2022 செப்டெம்பரில் வேலை செய்பவர்களுக்குத் தலைக்கு 300 யூரோ கொடுத்தபோது அதை வருமான வரிக்கு உட்படுத்தினார்கள். உயர்ந்த சம்பளக்காரர் கணிசமான பகுதியைத் திருப்பிக் கட்டினார், குறைந்த சம்பளக்காரர் முழுவதையும் வைத்துக்கொண்டார். சரியான வழி எதுவென்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது. ஓய்வூதியர்களை மட்டும் முதலில் மறந்துபோய், டிசம்பரில் கொடுத்தார்கள்.

ஆகவே பசுமைக் கட்சி பெற்றது 100 பில்லியனா 200 பில்லியனா என்பதல்ல என் கேள்வி. காலநிலைக் கொள்கையின் செலவு சாதாரண மக்களுக்கு விலையாக வருகிறது, அதன் பயன் வீடும் கூரையும் சொந்தமாக உள்ளவருக்கு மானியமாகப் போகிறது. இந்த ஒழுங்கை அவர்கள் ஆட்சியில் இருந்தபோதே மாற்றியிருக்க வேண்டும். புதிய வெப்பமூட்டும் கருவிகள் பெரும்பாலும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற கொதிகலன் சட்டத்தை 2023-இல் எதிர்த்து நாடே கொதித்தபோது, வருமானத்துக்கேற்ற உதவி என்ற பேச்சு சட்ட வரைவுக்குப் பின்னால்தான் ஓடிவந்தது.

பதில்: செம்மண்தரை

போர் பற்றி யாரும் பேசாததால் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1997 கியோட்டோ பேச்சுவார்த்தையில் அமெரிக்காவின் வற்புறுத்தலால் வெளிநாட்டுப் படை நடவடிக்கைகளின் உமிழ்வு கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. பாரிஸ் ஒப்பந்தத்திலும் படைகளின் உமிழ்வை அறிவிப்பது அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. உலகப் படைகளின் உமிழ்வு மொத்தத்தில் 5.5 விழுக்காடு என்று 2022-இல் ஒரு மதிப்பீடு வந்தது. இப்போது ஜெர்மனி உச்சவரம்பற்ற கடனில் வாங்கப்போகும் பீரங்கி வண்டிக்கும் போர் விமானத்துக்கும் எந்தக் காலநிலை நிபந்தனையும் இல்லை. உக்ரைன் மக்கள் தம் மண்ணைக் காக்க ஆயுதம் கேட்பதை நான் மறுக்கவில்லை. அந்த உதவிக்கு ஆதரவளிப்பது ஒன்று, எந்தப் படைச் செலவையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் விதியை அரசமைப்பில் எழுதுவது வேறொன்று. இரண்டையும் ஒரே வாக்குச்சீட்டில் கட்டிக் கொடுத்ததுதான் அந்த மார்ச் மாதத்தின் சாமர்த்தியம்.

மீண்டும் ஆற்றுமணல்

நன்றி. பனிப்புலம் அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி: புதிய அரசு வந்த பிறகு அந்த 10,000 கோடி எப்படிச் செலவாகிறது? ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான சொத்து வரியைப் பற்றி அங்கே பேச்சே இல்லையா?

பதில்: பனிப்புலம்

எரிவாயுச் சேமிப்பகங்களை 2022-இல் உச்ச விலைக்கு நிரப்பிய செலவை ஈடுகட்ட, நுகர்வோரிடம் ஒரு சிறு கட்டணம் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். அதை 2026 முதல் நீக்கி, மீதமுள்ள கடனைக் காலநிலை நிதியத்திலிருந்தே அடைப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அதாவது எரிவாயுவை மலிவாக்கக் காலநிலைப் பணம். என் கணக்குத் தாளில் அதனால் சில யூரோக்கள் குறையும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வீடுகளுக்கும் மின்சார வரியைக் குறைப்பதாகக் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியதை, 2025 கோடையில் தொழிற்துறைக்கும் வேளாண்மைக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாறுங்கள் என்று சொல்லிக்கொண்டே செய்த வேலை இது.

சொத்து வரிச் சட்டம் இங்கே இன்னும் ஒழிக்கப்படவில்லை, வசூலிக்கப்படுவதுதான் இல்லை. வீடு, நிலம் ஆகியவற்றைப் பழைய 1964 மதிப்பிலும் பங்குகளையும் வைப்புகளையும் நடப்பு மதிப்பிலும் கணக்கிடுவது சமத்துவத்துக்கு முரண் என்று அரசமைப்பு நீதிமன்றம் 1995-இல் சொன்னது. மதிப்பீட்டைத் திருத்துவதற்குப் பதிலாக அரசு காலக்கெடுவைக் கடந்துபோக விட்டது. 1997 முதல் வரி நின்றுபோனது. மீண்டும் கொண்டுவந்தாலும் அந்த வருவாய் அரசமைப்பின்படி மாநிலங்களுக்கே உரியது என்பதால், ஒன்றிய அரசின் காலநிலை நிதியத்துக்கு அதிலிருந்து நேரடியாக எதுவும் வராது. ஆனால் பேருந்துக்கும் பள்ளிக்கூரைக்கும் வரும். வடமூலை குறிப்பிட்ட பிரேமன் போன்ற மாநிலங்கள், பாதுகாப்புச் செலவுக்கு உச்சவரம்பில்லாத கடனை ஏற்காமலே தங்கள் பாலங்களைச் சரிசெய்யக்கூடிய வழி அது ஒன்றாகத்தான் எனக்குத் தெரிகிறது.