ஐ3 12100-ஆ, ரைசன் 5 5600ஜி-யா? யோசனை சொல்லுங்க

வணக்கம். மன்னார்குடியில ஒரு டிடிபி கடைக்குப் புது டெஸ்க்டாப் சேர்க்கணும். ப்ராசஸர் சிப் இன்டெல்லோட ஐ3 12100-ஆ, ஏஎம்டியோட ரைசன் 5 5600ஜி-யான்னுதான் குழப்பம். கோரல்டிராவில கல்யாணப் பத்திரிகை, ஃபோட்டோஷாப்பில ஆல்பம், முகூர்த்த மாசத்துல வீடியோவும் வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. அதனால பேருக்குப் பின்னால 'எஃப்' போட்ட இன்டெல் சிப் வேண்டாம், ஜி இல்லாத 5600-உம் வேண்டாம். ரெண்டுலயும் சிப்புக்குள்ளயே இருக்குற உள் கிராஃபிக்ஸ் கிடையாது, மானிட்டர்ல படமே வராது.

12100-க்கு 4 கோர் (கணக்குப் போடுற மூளை), 8 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துக்குற வேலை). 5600ஜி-க்கு 6 கோர், 12 த்ரெட். ஃபோட்டோஷாப் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேகத்தைத்தான் பார்க்கும். அதுல 12100 முந்துது. வீடியோ ஏற்றுமதியில இன்டெல்லோட குவிக் சிங்க் (உள் கிராஃபிக்ஸ்ல வீடியோவை வேகமா மாத்திக் கொடுக்குற பகுதி), அந்த ரெண்டு கோர் குறையை ஈடுகட்டுமா? தினமும் ஓட்டுறவங்க சொல்லுங்க.

ரேம் 8 ஜிபி ரெண்டா போடுறோம். 16 ஒண்ணா போட்டா சிங்கிள் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே பாதை, உள் கிராஃபிக்ஸ் படுத்துடும்.

ரைசனுக்கான பி450 மதர்போர்டு பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ் (போர்டுலயே இருக்குற தொடக்க மென்பொருள்) அப்டேட் பண்ணாம 5600ஜி பூட் ஆகாது. தஞ்சாவூர், கும்பகோணத்துல அதைப் பண்ணிக் கொடுக்குற கடை உண்டா?

பக்கத்துலயே நெல் அரவை மில். உமித்தூசு ஹீட்சிங்க் இடுக்குல பஞ்சு மாதிரி அடைஞ்சு, சூடேறி, சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். பாக்ஸோட வர்ற கூலர் தாங்குமா, மாத்தணுமா?