கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை: இது என்ன பாம்பு?

மழைக்காலன்:
நேற்று ராத்திரி பத்து மணி வாக்கில் குளியலறைச் சுவரோரமாக ஒரு பாம்பு. ஒன்றரை முழம் இருக்கும், விரல் பருமன், பளபளவென்று கறுப்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். கண் சின்னதாக, முழுக்கக் கறுப்பாக இருந்தது. சீறவும் இல்லை, ஓடவும் இல்லை, தலையை உடம்புக்கு அடியில் செருகிக்கொண்டு சும்மா கிடந்தது. வாளியைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருக்கிறோம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். விஷமா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும்.

ஊர்வன ரசிகன்:
வெள்ளிக்கோல் வரையன் போலத்தான் தெரிகிறது. விஷமில்லை. பல்லி பிடிக்க வீட்டுக்குள் வரும், பார்க்கிறவர்கள் எல்லாம் கட்டுவிரியன் என்று அலறி அடித்தே கொன்றுவிடுவார்கள், பாவம். குச்சியால் மெல்லத் தூக்கி வெளியே விட்டுவிடுங்கள்.

செதில்கணக்கு:
நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். எந்த நாடு என்றே கேட்கவில்லையே? பாம்பை அடையாளம் காண முதல் கேள்வி நிறம் இல்லை, இடம். அதே கறுப்பு வெள்ளை, இந்தியாவில் ஒரு இனம், தென்கிழக்கு ஆசியாவில் வேறொன்று. மழைக்காலன், எங்கே இருக்கிறீர்கள்? பட்டைகள் கழுத்துப் பக்கம் எடுப்பாக இருக்கின்றனவா, வால் பக்கமா?

மழைக்காலன்:
மன்னிக்கவும், மலேசியத் தீபகற்பம், காட்டோரம். வெள்ளைப் பட்டைகள் அகலம், வால் நுனி வரை அதே பளிச்சில் போகின்றன.

செதில்கணக்கு:
அப்படியென்றால் வாளியைத் தொடாதீர்கள். அங்கே வெள்ளிக்கோல் வரையனின் சொந்தக்காரப் பாம்பு ஒன்று உண்டு, குட்டியாக இருக்கும்போது மலாய்க் கட்டுவிரியனை அப்படியே காப்பியடித்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு வெள்ளை முன்பக்கம்தான் எடுப்பு, பின்னால் போகப்போக மங்கும். உங்கள் படத்தில் மங்கவே இல்லை.

இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன், பட்டை ஏமாற்றும். மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி நடுமுதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் மேலே ஒரே வரிசையில் அறுகோணச் செதில்கள், பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் அது கட்டுவிரியன் கூட்டம். வரையனுக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வாலின் அடிச்செதிலும் உதவும், கட்டுவிரியனுக்குப் பிரியாமல் ஒற்றையாக, வரையனுக்கு இரண்டாகப் பிரிந்து. ஆனால் அதைப் பார்க்கிறேன் என்று யாரும் உயிருள்ள பாம்பைப் புரட்ட வேண்டாம்.

ஊர்வன ரசிகன்:
இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறதே என்றுதான் அப்படி நினைத்தேன்.

செதில்கணக்கு:
அந்த அமைதிதான் வம்பே. கட்டுவிரியன் வெளிச்சத்தில் பெரும்பாலும் மந்தமாகத்தான் கிடக்கும், தலையை மறைத்துக்கொள்வதும் அதன் பழக்கம். வரையன் பிடித்தால் சடக்கென்று கடித்துவிடும், ஆனால் ஒன்றும் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் போன்றவர்கள் மட்டுமில்லை. ஜோ ஸ்லோவின்ஸ்கி என்று அமெரிக்கப் பாம்பு ஆய்வாளர், 2001 செப்டம்பரில் மியான்மரில் விஷமற்ற வரையன் இனம் என்று நினைத்த ஒரு சின்னப் பாம்பு கடித்து இறந்தார், அது கட்டுவிரியன். கூட இருந்தவர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் வாழ்க்கை முழுக்கப் பாம்புதான், நமக்கோ ஒரு கைபேசிப் படம்.

மழைக்காலன்:
பெரிதாக்கிப் பார்த்தேன். நடுமுதுகில் பெரிய செதில் வரிசை தெளிவாகத் தெரிகிறது. நண்பன் ஒருவன் ராத்திரி குச்சியால் அதைத் தள்ளினான், கடித்த மாதிரி தெரியவில்லை, வலியும் இல்லை என்கிறான். வலி இல்லையென்றால் கடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

செதில்கணக்கு:
இல்லை, அதை நம்பவே கூடாது. கட்டுவிரியன் கடி எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாமல் போகும், தடமும் சில நேரம் கண்ணில் படாது. ஒரு ராத்திரி கடந்தும் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்திதான், இருந்தாலும் அவரை மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இமை தொங்குவது, பார்வை இரட்டையாவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். இந்த விஷம் நரம்பைத் தாக்கி மூச்சுத் தசையை நிறுத்துகிறது, முற்றிய நிலையில் செயற்கை சுவாசக் கருவிதான் உயிரைப் பிடித்து வைக்கும். படத்தை டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மருந்து என்பது இனத்தைப் பொறுத்தது, இந்தியாவின் நாலு பாம்பு விஷமுறி மருந்து இந்த இனத்துக்காகச் செய்யப்பட்டதில்லை, தாய்லாந்தில் மலாய்க் கட்டுவிரியனுக்கென்றே தனி மருந்து தயாராகிறது.

பாம்பை எடுக்கத் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள், அங்கே அவர்கள் இந்த வேலைக்கு வருவார்கள்.

ஊர்வன ரசிகன்:
என் முதல் பதிலை யாரும் பின்பற்ற வேண்டாம். அழிக்கவில்லை, அடியில் "தவறு" என்று திருத்திப் போடுகிறேன்.

மழைக்காலன்:
தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள், மலாய்க் கட்டுவிரியன்தான் என்றார்கள். நண்பனுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் டாக்டர் இன்று ராத்திரி வரை அங்கேயே உட்கார வைத்திருக்கிறார்.