ஆள் எண்ணிக்கை 20-ஐத் தாண்டிவிட்டது: பிஎஃப் வேலையை நானே பார்க்கலாமா, ஏஜென்சியிடம் கொடுப்பதா?

பீன்யா கணக்கு:
பெங்களூரு பீன்யாவில் ஒரு சிஎன்சி பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். முதலாளி திருப்பத்தூர்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஃபார்ம் என்றாலே ஓடிவிடுவார். 20 பேர் ஆகிவிட்டால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம். இதுவரை 17 பேர். புது ஆர்டருக்காக இப்போது கான்ட்ராக்டில் நாலு பேர் வந்திருக்கிறார்கள். "கான்ட்ராக்ட் ஆள் கணக்கில் வராதும்மா" என்கிறார். தெரிந்த ஒருவர், மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி தொடங்கிப் பாதிப் பேரை அங்கே காட்டலாம் என்று வேறு ஏற்றிவிட்டிருக்கிறார்.

பையன்கள் அதற்கு மேல். பேசிக் 15,000, அதில் 1,800 பிடித்தால் வாடகைக்கு என்ன செய்வது, கையிலேயே கொடுத்துடுங்க அக்கா என்று டீ நேரம் முழுக்க இதே பேச்சு. ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் ஒருவர் வீட்டில் பிரசவம் பார்த்த பிறகு அது எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. பிஎஃப்தான் கசக்கிறது.

ஒயிட்ஃபீல்ட் பேரோல்:
கான்ட்ராக்டர் மூலம் வருகிறவரும் இந்தச் சட்டத்தில் ஊழியர்தான். அவர் கட்டாமல் விட்டால் உங்கள் முதலாளியைத்தான் கேட்பார்கள். இரண்டு கம்பெனி யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே ஷெட், ஒரே மெஷின், ஒரே பணப்புழக்கம் என்றால் ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை பிஎஃப்-க்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் 20-க்குக் கீழே போனாலும் வெளியே வர முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பேசிக்கைக் குறைத்து அலவன்ஸாகக் காட்டும் வித்தையும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸ் பிஎஃப் கணக்கில் சேரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலாளிக்கு மாதம் ஆளுக்கு ஆகும் செலவு: 1,800, அதோடு இன்சூரன்ஸுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75. இதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

ஓசூர் பெரியசாமி:
நாற்பது வருஷம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன். பையன்களிடம் வட்டிக் கணக்கு பேசாதீர்கள் அம்மா, எடுபடாது. இன்சூரன்ஸைச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை வரும். அதற்கு அவர்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. முதலாளி போடும் 1,800-இல் 1,250 பென்ஷனுக்குப் போகிறது, பத்து வருஷம் சேர்ந்தால் மாதாமாதம் பென்ஷன். ஆனால் நாமினேஷன் போட்டிருக்க வேண்டும். எங்கள் ஷாப்பில் கல்யாணம் ஆன பிறகும் பழைய நாமினேஷனை மாற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

அல்சூர் அக்கவுண்டன்ட்:
21 பேருக்கு ஏஜென்சி தேவையில்லை என்பது என் கருத்து. மாதம் ஒரு ஈசிஆர் ஃபைல் (யாருக்கு எவ்வளவு பிஎஃப் என்ற பட்டியல்), அடுத்த மாதம் 15-க்குள் பணம். அவ்வளவுதான். வைத்தாலும் பணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். கம்பெனி வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டி, சலானை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி பெயர்தான். நம் ஆட்களுக்கு இனிஷியல். ஆதாரில் 'செல்வம் எம்', பான் கார்டில் 'எம் செல்வம்', பேங்கில் 'செல்வம் முருகேசன்'. பணம் எடுக்கப் போகும்போதுதான் இது வெடிக்கும். முதல் சம்பளத்துக்கு முன்பே ஒவ்வொருவரின் ஆதாரையும் கையில் வைத்து, அதில் எழுத்து எப்படியோ அப்படியே ஏற்றுங்கள். புள்ளி கூட மாறக் கூடாது.

பீன்யா கணக்கு:
பெயர் விஷயம் பார்த்தேன், ஏழு பேருக்குப் பொருந்தவில்லை! ஒடிசா பையன் ஒருவனுக்கு சூரத்தில் வேலை செய்தபோது போட்ட யுஏஎன் (பிஎஃப்-க்கான நிரந்தர எண்) இருக்கிறதாம். நம்பர் மறந்துவிட்டது என்கிறான். புதுசு போடலாமா?

அல்சூர் அக்கவுண்டன்ட்:
போடவே கூடாது. ஆளுக்கு ஒரு யுஏஎன்தான். மெம்பர் போர்ட்டலில் 'உங்கள் யுஏஎன்-ஐ அறியுங்கள்' என்று இருக்கும், ஆதாரும் மொபைலும் கொடுத்தால் பழைய நம்பர் வந்துவிடும். அதையே உங்கள் கம்பெனியோடு சேர்த்து, சூரத் பணத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த சர்வீஸும் சேர்ந்தால்தான் ஐந்து வருஷம் சீக்கிரம் நிறையும், பிறகு எடுத்தால் வரி இல்லை.