முற்றத்து வெளிச்சத்தில் நாயனக்காரர் படம்: கண் இருளுது, வேட்டி வெளுக்குது. உதவி தேவை

மேலவீதி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா கும்பகோணம் பக்கம் நாயனக்காரர், அதாவது நாதஸ்வர வித்வான். கூடத்தில் மாட்ட, நாயனத்தோடு அவரை ஒரு படம் எடுக்க வேண்டும். கண் ஆபரேஷன் ஆனவர், ஃபிளாஷ் வேண்டாம் என்றுவிட்டார். முற்றத்து நடுவில் நாற்காலி போட்டு, காலை பதினொரு மணிக்கு எடுத்தேன். கண் இரண்டும் கறுப்புக் குழி. வேட்டியில் மடிப்பே தெரியவில்லை. நாயனம் வெறும் கறுப்புத் தடி. கேனான் 200டி கேமரா, 50 எம்எம் லென்ஸ், திறப்பு எஃப் 1.8. முகம் கூர்மை, நாயனத்தின் விரிந்த அடிவாயான அணசு மங்கல். எங்கே தப்பு?

தாழ்வாரம்:
தப்பு நாற்காலி போட்ட இடத்தில், தம்பி. அந்நேரத்து வெயில் உச்சந்தலையில் இறங்கும், புருவத்து நிழல் கண்ணை மூடிவிடும். தாழ்வாரத்துக்குள் இரண்டடி தள்ளி, முற்றத்தைப் பார்க்க உட்காரவையுங்கள். வெயில் மேலே படக்கூடாது, ஆனால் அவர் கண்ணுக்கு வானம் தெரிய வேண்டும். அப்போது கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். முகத்துக்கு உயிரே அதுதான். பின்னால் கூடத்து இருட்டு தானாகவே திரை போட்டுவிடும்.

வேட்டி மடிப்பு தெரியும்வரை எக்ஸ்போஷரைக் குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். இருண்ட முகத்தைப் பிறகு வெளிச்சமாக்கிவிடலாம். வெளுத்துப்போன வேட்டியை மீட்கவே முடியாது.

ஆச்சாமரம்:
நாயனம் நரசிங்கம்பேட்டை வேலையா? 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை, அது தடியாகத் தெரிந்தால் மனசு ஆறாது. கறுத்த மரத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிப் பயனில்லை. முற்றத்து வானம் அதன் மேல் ஒரு நீள வெள்ளைக் கோடாகப் பளபளக்கும்வரை நாயனத்தை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். உருட்சியும் துளைகளும் அந்தக் கோட்டில்தான் தெரியும்.

ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக வரும். திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்குப் போனாலும் பதினான்கைத் தாண்டாது. நாயனமோ இரண்டரை அடி. அதனால் கேமராவை நோக்கி நீட்டவிடாமல், மார்புக்குக் குறுக்கே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊதும்போது எடுக்காதீர்கள், கன்னம் உப்பி முகமே மாறிவிடும்.

மேலவீதி:
கண் வந்துவிட்டது, நன்றி அண்ணா! ஆனால் தாடைக்கு அடியில் ஒரு செம்மை. கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எவ்வளவு மாற்றியும் போகவில்லை, மாற்றினால் நெற்றி நீலமாகிறது.

தாழ்வாரம்:
தரை சிவப்புச் சிமெண்டா? வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்புகிறது. அவர் காலடியில், படத்துக்கு வெளியே, ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். செம்மை போகும், கழுத்து நிழலும் இளகும்.

மேலவீதி:
இன்று எட்டரை மணிக்கு, வேட்டி விரித்து, எஃப் 4-ல் எடுத்தேன். நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை நனைத்துவிட்டு, வாயில் வைக்கும் முன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் படம்தான். பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கச்சேரிக்குக் கிளம்புற மூஞ்சிடா இது" என்றார்.