டியூஷனில் சரியாகப் போடும் கணக்கு டெஸ்டில் வராமல் போவது ஏன்?

மாலை வகுப்பு:
பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு வீட்டுக்குப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை. பக்கத்தில் நான் இருந்தால் எல்லாம் சரியாக வருகிறது. "புரிஞ்சுதா?" என்றால் உடனே "புரிஞ்சுது மிஸ்". ஸ்கூல் டெஸ்டில் மட்டும் அதே மாதிரிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வருகிறான், இல்லையென்றால் (3+4)² என்பதை 9+16 என்று பிரித்து எழுதிவிடுகிறான். சோம்பேறி இல்லை, ஹோம்வொர்க் தவறாமல் செய்பவன். டெஸ்ட் பேப்பரை என்னிடம் நீட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இன்னொரு நாளும் வரச் சொல்கிறார் அவன் அம்மா. நாளைக் கூட்டினால் சரியாகுமா?

பழைய சாக்பீஸ்:
நாளைக் கூட்டாதீர்கள். முதலில் அவன் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு வரி எழுதியதும் நம் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். நம் புருவம் லேசாக அசைந்தாலே போதும், மைனஸை அழித்துவிட்டுப் பிளஸ் போட்டுவிடுவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, அவனுக்கே தெரியாமல் நடப்பது. ஆனால் பரீட்சை ஹாலில் உங்கள் முகம் இருக்காதே.

அதனால் கணக்கைக் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு, வேறு நோட்டைத் திருத்துங்கள். கடைசி வரி எழுதி முடிக்கும்வரை தலை நிமிராதீர்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு எந்தப் பிள்ளையும் "இல்லை" என்று சொல்லாது. "இந்த வரி எப்படி வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன.

அந்த 9+16 விஷயத்துக்குக் கட்டம் போட்ட தாள் எடுங்கள். பக்கத்துக்கு 7 கட்டம் வைத்து ஒரு சதுரம். ஒரு மூலையில் 3க்கு 3, எதிர் மூலையில் 4க்கு 4, இரண்டுக்கும் அவனையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக இரண்டு செவ்வகங்கள் மிஞ்சும், ஒவ்வொன்றிலும் 12 கட்டம். 25 ஏன் 49 ஆகாது என்பதை அவன் விரல் வைத்தே காட்டிவிடுவான். அப்புறம் ஃபார்முலாவைச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வகுப்பைப் புதுப் பாடத்தில் தொடங்காதீர்கள். போன வாரக் கணக்கு இரண்டு, நோட்டைப் பார்க்காமல், அதுதான் முதல் வேலை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள். உங்கள் பையன் அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் உங்களிடம் போட்டுக் காட்டுகிறான்.

தூக்கத்தையும் விசாரியுங்கள். 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது, இது உடம்பின் வேலை. இன்னொரு மாலையையும் எடுத்துக்கொண்டால் அவன் ஹோம்வொர்க் ராத்திரிக்குத்தான் போகும். அவன் அம்மாவிடம் இதை நேரடியாகவே சொல்லலாம்.

மாலை வகுப்பு:
ரொம்ப நன்றி. முகத்தைப் பார்ப்பது உண்மைதான், இப்போது யோசித்தால் ஒவ்வொரு வரிக்கும் நிமிர்கிறான். ஒரு சந்தேகம்: நான் தள்ளி உட்கார்ந்து அவன் ஒன்றுமே எழுதாமல் இருந்தால்?

பழைய சாக்பீஸ்:
அப்போதும் விடையை நோக்கி இழுக்காதீர்கள். கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறது, என்ன கேட்டிருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அங்கேயே கை ஓட ஆரம்பித்துவிடும். ஓடவில்லை என்றால் எண்களை மட்டும் சின்னதாக்கி அதே கணக்கைக் கொடுங்கள். பேனா அவன் கையிலேயே இருக்கட்டும்.