கலைச்சொல் தேவை: கூண்டுப் பறவையின் வலசைத் தவிப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்கான பறவைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் பாக்கி. தோட்டக் கதிர்க்குருவி ஏறக்குறைய 18 கிராம் எடையுள்ள பறவை. ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் சகாராவைக் கடந்து ஆப்பிரிக்கா போகும். மற்ற நாளில் இரவில் தூங்குகிற இந்தக் குருவி, பயணக் காலம் வந்ததும் கூண்டுக்குள்ளேயே இரவெல்லாம் தத்திக்கொண்டும் சிறகடித்துக்கொண்டும் இருக்கும். ஜெர்மன் மொழியில் இது 'ட்ஸூகுன்ரூஎ'. 'ட்ஸூக்' என்பது வலசை, 'உன்ரூஎ' அமைதியின்மை. 'வலசைத் தவிப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

*

ஐயா, தவிப்பு அருமை. வலசைதான் உறுத்துகிறது. படைக்கு அஞ்சி ஊரைக் காலி செய்து போவதற்கு வழங்கிய சொல் அது. தெலுங்கில் 'வலச', கன்னடத்தில் 'வலசெ'. குருவி யாருக்கு அஞ்சி ஓடுகிறது? அகத்திணையில் தலைவன் பிரிந்து போவது 'செலவு'. புறப்பட்டவன் போகாமல் நின்றுவிட்டால் 'செலவழுங்கல்'. கூண்டுப் பறவையின் நிலை அதுதானே? 'செலவுத் தவிப்பு' எனலாம். இன்னும் நெருங்கிப் போனால், 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'செலவலமரல்' என்றே ஆக்கலாம்.

*

செலவழுங்கலில் தலைவன் மனம் இளகித் தானே நிற்கிறான். குருவியைக் கம்பி நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றல்ல.

அலமரலையும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் எம்லென் என்ற தந்தையும் மகனும் 1966-இல் ஒரு புனல் கூண்டை விவரித்தார்கள். அடியில் மை பூசிய திண்டு, சரிவான சுவரெல்லாம் மையொற்றும் தாள். பறவை எம்பி எம்பிக் குதிக்கும்போது மைக்கால் தடம் தாளில் விழும். விடிந்ததும் பார்த்தால், அது போக விரும்பும் பக்கத்தில்தான் தடம் அடர்ந்திருக்கும். வசந்தத்தில் வடக்கே, இலையுதிர் காலத்தில் தெற்கே. இதைச் சுழற்சி என்று எப்படிச் சொல்வது? திசை தெரிந்த தவிப்பு அது! அளவும் தெரிந்தது. நெடுந்தூரம் போகும் கதிர்க்குருவி இனங்கள் கூண்டிலும் அதிக நாள் தவிக்கின்றன. குறைந்த தூரம் போகிறவை சீக்கிரம் அடங்கிவிடுகின்றன.

அப்புறம், செலவு என்றதும் பிள்ளைகள் காசைத்தான் நினைப்பார்கள். பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் இன்று வலசை என்றுதான் சொல்கிறார்கள். வேர் எங்கிருந்தாலும் சொல் இங்கே கூடு கட்டிவிட்டது.

*

இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் 'வலசைத் தவிப்பு' போதும் என்கிறார்கள். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள் ஐயா, தடையில்லை. ஆனால் செலவு என்றால் பயணம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே வகுப்பு? என் வாக்கு இன்னும் 'செலவுத் தவிப்பு'க்கே. அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பிலாவது இடம் கொடுங்கள்.